அமெரிக்கப் பண்ணைத் தொழிலாளர்களுக்கு வைத்தியம் பார்க்கப் போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பயிற்சி விசாவான ஜே-1-இல் அமெரிக்காவில் பயிற்சி முடித்த வெளிநாட்டு டாக்டர்கள் பலர், ஊர் திரும்பாமல் அங்கேயே வேலை செய்ய வழிவிடும் "கான்ராட் 30" திட்டத்தில் மூன்று வருடச் சேவைக்காக அமெரிக்காவின் கிராமப்புறச் சுகாதார மையங்களுக்குப் போகிறார்கள். அவர்களில் நம் ஆட்களும் நிறைய. நர்ஸ்களும் உண்டு. பெரிய ஆஸ்பத்திரியில் பயிற்சி எடுத்துவிட்டு, முதல் வாரமே தக்காளித் தோட்டத்திலிருந்தும் மாட்டுப் பண்ணையிலிருந்தும் வருகிற நோயாளிகளைப் பார்க்கும்போது கொஞ்சம் திகைப்பாகத்தான் இருக்கும். அப்படிப் போனவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகளும், நானே அந்த நாட்களில் மற்றவர்களிடம் கேட்டு நச்சரித்த கேள்விகளும் இங்கே இருக்கின்றன.

"மைக்ரன்ட்", "சீசனல்" என்று பதிவேட்டில் இரண்டு கட்டங்கள் இருக்கின்றன. என்ன வித்தியாசம்?

வேலைக்காக ஊர்விட்டு ஊர் போய்த் தற்காலிகமாகத் தங்குகிறவர் மைக்ரன்ட். வீடு மாறாமல் அறுவடைக் காலத்துக்கு மட்டும் பண்ணை வேலைக்குப் போகிறவர் சீசனல். இரண்டுக்கும் கடந்த 24 மாதக் கணக்குதான். முதுமையாலோ உடல் முடியாமலோ இடம்பெயர்வதை நிறுத்திவிட்டவரும், குடும்பத்தாரும் இதில் அடக்கம். 1962 செப்டம்பரில் ஜனாதிபதி கென்னடி கையெழுத்திட்ட புலம்பெயர் சுகாதாரச் சட்டத்தில் தொடங்கிய ஏற்பாடு இது. இப்போது பொதுச் சுகாதாரச் சட்டத்தின் 330-ஆம் பிரிவுக்குள் வருகிறது. இந்த நிதி வாங்கும் மையம், பணம் இல்லை என்பதற்காக யாரையும் திருப்பி அனுப்பக்கூடாது. வருமானத்துக்கேற்பக் கட்டணத்தைக் குறைக்க வேண்டும்.

நடைமுறையில் தகராறு எங்கே வருகிறதென்றால், முன்மேசையில். "நீங்கள் மைக்ரன்டா?" என்று கேட்டால் எதிரில் இருப்பவர் காதில் அது குடியுரிமை விசாரணையாக விழுகிறது. "இல்லை" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார். "போன இரண்டு வருடத்தில் நீங்களோ வீட்டில் யாராவதோ வயலில், தோப்பில், நர்சரியில், பழம் பேக் செய்கிற ஷெட்டில் வேலை பார்த்தீர்களா?" என்று கேட்கச் சொல்லுங்கள். பதில் தலைகீழாக மாறும்.

பதினைந்து நிமிடம்தான் கொடுக்கிறார்கள். அதற்குள் வேலையைப் பற்றி என்னத்தைக் கேட்பது?

மூன்று கேள்வி போதும். என்ன வேலை செய்கிறீர்கள்? அந்த வேலையில் உடம்புக்கு ஆகாது என்று உங்களுக்கே தோன்றுவது எது? பூச்சிமருந்து, புகை, தூசி, சத்தம், கடும் வெயில் இதில் எதிலாவது படுகிறீர்களா? ரத்த அழுத்தம் எடுக்கிற உதவியாளரே இதைக் கேட்டுக் குறித்துவைக்கலாம். நீங்கள் உள்ளே நுழையும்போது பாதி வேலை முடிந்திருக்கும்.

"பண்ணை வேலை" என்ற பதிலோடு மட்டும் நிற்காதீர்கள். ஆப்பிள் பறிப்பவர் ஏணியிலிருந்து விழுகிறார். ஸ்ட்ராபெரி பறிப்பவர் நாள் முழுக்கக் குனிந்தே நிற்கிறார். மாடு கறப்பவர் உதை வாங்குகிறார். மருந்தடிப்பவர் கதையே வேறு. என்ன பயிர், என்ன வேலை, எத்தனை மணி நேரம், கூலி மணிக்கணக்கா பெட்டிக்கணக்கா? கடைசிக் கேள்வி சம்பளத்தைப் பற்றியது போலத் தோன்றும். ஆனால் பெட்டிக்கணக்கில் கூலி என்றால் அவர் தண்ணீர் குடிக்கப் போகமாட்டார், மூத்திரத்தை அடக்கிக்கொள்வார். சிறுநீர்த் தொற்றோடு வருகிற பெண்ணிடமும், வெயிலில் சுருண்டு விழுந்த பையனிடமும் அந்தப் பதில் தேவைப்படும்.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தது ஒரு அம்மா. இரண்டு மாதமாகத் தலைவலி, குமட்டல். மூன்று தடவை வந்து மூன்று தடவையும் ஒற்றைத் தலைவலி மாத்திரை வாங்கிப் போயிருந்தார். வேலை என்ற கட்டத்தில் "வீட்டில்" என்று எழுதியிருந்தது. நான்காவது தடவை "வீட்டில் யார் என்ன வேலை?" என்று கேட்டேன். கணவர் மருந்தடிக்கிறவர். அவர் போட்டுவந்த சட்டையை, குழந்தைகளின் துணியோடு சேர்த்து, பாத்டப்பில் வெறுங்கையால் அலசிக்கொண்டிருந்திருக்கிறார். துணியைத் தனியாகப் பையில் போட்டு, கையுறையோடு, தனித் தண்ணீரில் துவைக்கச் சொன்னோம். கணவரை வாசலிலேயே பூட்ஸைக் கழற்றிவிட்டு, குளித்த பிறகுதான் குழந்தையைத் தூக்கச் சொன்னோம். மாதம் ஒன்று ஆவதற்குள் தலைவலி நின்றுவிட்டது. அதுதான் காரணம் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அதன்பிறகு நான் "வீட்டில்" என்ற பதிலை அப்படியே விட்டதில்லை.

பூச்சிமருந்து விஷம் என்று சந்தேகம். முதல் சில நிமிடங்களில் என்ன செய்வது?

முதலில் உங்களைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள். நைட்ரைல் கையுறை போடுங்கள். லேடெக்ஸ் போதாது, மருந்து ஊடுருவிவிடும். துணியை முழுவதும் கழற்றி, பையில் கட்டி, அறைக்கு வெளியே வையுங்கள். சோப்பும் தண்ணீரும் போட்டு உடம்பு, தலைமுடி, நகக்கண் எல்லாம் கழுவுங்கள். கண்ணில் பட்டிருந்தால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே இருங்கள். மூச்சு ஆபத்தில் இருந்தால் மட்டும் கழுவுவதற்காகச் சிகிச்சையை நிறுத்தாமல் இரண்டையும் சேர்த்துச் செய்ய வேண்டும்.

ஆர்கனோபாஸ்பேட், கார்பமேட் வகை என்றால் படம் தெளிவாக இருக்கும். வாயில் எச்சில் ஊறும், கண்ணீர் வழியும், வியர்த்துக் கொட்டும், வாந்தி, பேதி, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கியிருக்கும், தசை துடிக்கும், நெஞ்சில் கரகரவென்று சளி. நம் ஊர் அரசு மருத்துவமனையில் ஹவுஸ் சர்ஜனாக இருந்தவர்களுக்கு இது புதிதில்லை. அங்கே பெரும்பாலும் பூச்சிமருந்தைக் குடித்துவிட்டு வருவார்கள், இங்கே தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் போகும். அதனால் அறிகுறி மெதுவாக, மங்கலாக வரும். "காய்ச்சல் மாதிரி இருக்கிறது" என்றுதான் ஆரம்பிப்பார்கள்.

விஷமுறிவு மருந்தான அட்ரோபினைச் சிரை வழியாகக் கொடுத்து, சரியாகவில்லை என்றால் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அளவை இரட்டிப்பாக்குங்கள். எங்கே நிறுத்துவது என்பதில்தான் எல்லோரும் தவறுகிறார்கள். கண்மணி விரிந்ததா, நாடி வேகமானதா என்று பார்த்து நிறுத்தக்கூடாது. நுரையீரலில் சளிச் சத்தம் ஓய்ந்து மூச்சு தெளிவாகும் வரை கொடுக்க வேண்டும். ப்ராலிடாக்ஸைம் என்ற இன்னொரு விஷமுறிவு மருந்தைப் பற்றி, போனில் ஆலோசனை சொல்லும் விஷ மையத்திடம் கேட்டு முடிவெடுங்கள். 1-800-222-1222 என்ற அந்த எண்ணுக்கு நாட்டின் எந்த மூலையிலிருந்தும், எந்த நேரமும், காசில்லாமல் பேசலாம். மொழிபெயர்ப்பாளரும் கிடைப்பார். அந்த எண்ணை அவசர அறைச் சுவரில் ஒட்டி வையுங்கள். போனில் சேமித்து வைத்தது அவசரத்தில் கிடைக்காது.

இபிஏ என்கிற சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் டாக்டர்களுக்காகவே பூச்சிமருந்து விஷக் கையேடு ஒன்று போட்டிருக்கிறது. 2013-இல் ஆறாம் பதிப்பு வந்தது. இலவசம், ஸ்பானிஷிலும் உண்டு. மருந்து வகைவாரியாக அறிகுறி, பரிசோதனை, சிகிச்சை எல்லாம் இருக்கும். ஒரு அமைதியான மதியத்தில் உட்கார்ந்து படித்து வையுங்கள். நோயாளி வந்தபிறகு படிக்க நேரம் இருக்காது.

என்ன மருந்து என்று நோயாளிக்கே தெரியவில்லையே?

பெரும்பாலும் தெரியாது. "வெள்ளையாக இருந்தது, நாறியது" என்பார்கள். டப்பாவின் லேபிளை போனில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பெயரைவிட முக்கியம் அதிலுள்ள இபிஏ பதிவு எண். அதை வைத்து மருந்தின் வேதிப்பொருளை உடனே பிடித்துவிடலாம்.

படம் கிடைக்கவில்லை என்றால் நேரே பண்ணைக்குப் போன் செய்யுங்கள். "தொழிலாளர் பாதுகாப்பு விதி" என்ற மத்திய விதி இருக்கிறது. 1992-இல் விரிவாக வந்து, 2015-இல் திருத்தப்பட்டது. அதன்படி, சிகிச்சை தரும் மருத்துவர் கேட்டால், மருந்தின் பெயர், பதிவு எண், வேதிப்பொருள், பாதுகாப்புத் தகவல் தாள், எப்போது எங்கே அடித்தார்கள், எப்படிப் பட்டது என்ற விவரங்களை முதலாளி தாமதமில்லாமல் கொடுத்தாக வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போக வண்டியும் ஏற்பாடு செய்ய வேண்டும். மருந்தடித்த விவரத்தை எல்லோரும் பார்க்கிற இடத்தில் ஒட்டி வைத்து, இரண்டு வருடம் பத்திரப்படுத்தவும் வேண்டும். இது தெரியாமல் தயங்கித் தயங்கிக் கேட்கிற டாக்டர்களிடம் "வக்கீலைக் கேட்டுச் சொல்கிறேன்" என்று சாக்குச் சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். விதியின் பெயரைச் சொல்லிக் கேட்டால் அடுத்த பத்து நிமிடத்தில் ஃபேக்ஸ் வந்துவிடும்.

ஒரு விஷயம் மட்டும் கவனம். நோயாளியிடம் கேட்காமல் பண்ணைக்குப் போன் போடாதீர்கள். உயிர் போகிற அவசரம் என்றால் வேறு. மற்றபடி, யார் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள் என்று மேஸ்திரிக்குத் தெரிவதே சிலருக்கு வேலை போகக் காரணமாகிவிடும்.

கோலினெஸ்டரேஸ் அளவு "நார்மல்" என்று வந்தது. அப்படியானால் விஷம் இல்லைதானே?

அப்படிச் சொல்லிவிட முடியாது, இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். ஆர்கனோபாஸ்பேட், கார்பமேட் மருந்துகள் முடக்குகிற இந்த நொதியின் இயல்பான அளவு ஆளுக்கு ஆள் மிகவும் மாறும். மேல்வரம்பில் இருந்த ஒருவர் பாதியை இழந்தாலும் லேப் காகிதத்தில் "நார்மல்" என்றே வரும். அவரவரின் பழைய அளவோடு ஒப்பிட்டால்தான் உண்மை தெரியும். அதனால் மருந்தடிப்பவர்களுக்கு, சீசன் தொடங்குமுன் அடிப்படை அளவு எடுத்து வைக்க வேண்டும். இதைச் சட்டமாகவே வைத்திருப்பவை கலிபோர்னியாவும் வாஷிங்டன் மாநிலமும். அங்கே சிவப்பணுக் கோலினெஸ்டரேஸ் அடிப்படை அளவில் 70 சதவீதத்துக்கோ, பிளாஸ்மாவில் 60 சதவீதத்துக்கோ இறங்கினால் அந்த ஆளை அந்த மருந்துகளைக் கையாளும் வேலையிலிருந்து விலக்கி வைக்க வேண்டும். 80 சதவீதத்தைத் தொட்டபிறகே திரும்ப விடலாம்.

அடிப்படை அளவு இல்லாதவருக்கு என்ன செய்வது? இன்றைக்கு ஒன்று எடுங்கள், மருந்து படாமல் சில வாரம் இருந்தபின் மறுபடியும் எடுங்கள். அளவு ஏறியிருந்தால், அன்றைக்கு இறங்கியிருந்தது என்றுதானே அர்த்தம். இரண்டையும் ஒரே லேபுக்கு அனுப்புங்கள். லேபுக்கு லேப் முறை வேறு, எண்களை ஒப்பிட முடியாது. ரத்தத்தைக் குளிரில் வையுங்கள். ப்ராலிடாக்ஸைம் கொடுக்குமுன் எடுத்துவிடுங்கள். அப்புறம், ரிசல்ட் வரும்வரை சிகிச்சையைத் தள்ளிப்போடவே கூடாது.

இதை யாரிடமாவது தெரிவிக்க வேண்டுமா?

பல மாநிலங்களில் கட்டாயம். கலிபோர்னியாவில் 24 மணி நேரத்துக்குள் உள்ளூர்ச் சுகாதார அதிகாரிக்குச் சொல்ல வேண்டும். சந்தேகம் இருந்தாலே போதும், நிரூபணம் வேண்டியதில்லை. உங்கள் மாநிலத்தில் என்ன விதி என்று சேர்ந்த முதல் வாரமே கேட்டு வையுங்கள்.

வெயில் பாதிப்பில் தொழிலாளர்களுக்கென்று தனியாகத் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது?

நிறைய. 2004-இல் கலிபோர்னியாவில் அசன்சியோன் வல்டிவியா என்ற தொழிலாளி 105 டிகிரி ஃபாரன்ஹீட் வெயிலில் திராட்சை பறித்து, மயங்கி விழுந்து இறந்தார். அடுத்த வருடம் அந்த மாநிலம் வெளிவேலைக்கு வெயில் பாதுகாப்பு விதி கொண்டுவந்தது. நாட்டில் அதுதான் முதல். 80 டிகிரியைத் தாண்டினால் நிழல் அமைக்க வேண்டும். ஆளுக்கு மணிக்கு ஒரு குவார்ட், அதாவது ஏறக்குறைய ஒரு லிட்டர் குடிநீர் இருக்க வேண்டும். 95-ஐத் தொட்டால் கூடுதல் கண்காணிப்பு. விதி வந்து மூன்று வருடத்தில், 2008-இல், மரியா இசபெல் வாஸ்கெஸ் ஹிமெனெஸ் என்ற பதினேழு வயதுக் கர்ப்பிணிப் பெண் அதே மாநிலத்தில் திராட்சைத் தோட்டத்தில் விழுந்து இறந்தார். விதி இருப்பதும் அது நடப்பதும் ஒன்றல்ல. வாஷிங்டன், ஓரிகான் மாநிலங்களிலும் இப்போது விதி உண்டு. மத்திய அளவில் 2024-இல் வரைவு ஒன்று வெளியானது. டெக்சாஸும் புளோரிடாவும் எதிர்த்திசையில் போய், நகராட்சிகளும் கவுன்டிகளும் சொந்தமாக இப்படி விதி போட முடியாதபடி சட்டம் செய்தன. ஆக, நீங்கள் எந்த மாநிலத்தில் இருக்கிறீர்கள் என்பதே நோயாளிக்கு நிழல் கிடைக்குமா என்பதைத் தீர்மானிக்கும்.

மருத்துவமாகப் பார்த்தால், ஆபத்து முதல் சில நாட்களில்தான். உடம்பு வெயிலுக்குப் பழக ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். புதிதாக வந்தவருக்கு முதல் நாள் வழக்கமான வேலை நேரத்தில் 20 சதவீதம், பிறகு நாளுக்கு 20 சதவீதமாக ஏற்ற வேண்டும் என்பது நியோஷ் என்கிற தேசியத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் பரிந்துரை. அனுபவசாலிக்கும் சலுகை வேண்டும். காய்ச்சலில் பத்து நாள் படுத்துவிட்டுத் திரும்புகிறவருக்கு முதல் நாள் பாதி வேலைதான். "நாளைக்கு வேலைக்குப் போகலாம்" என்று நீங்கள் எழுதும் சீட்டில் இதையும் சேர்த்து எழுதுங்கள். அந்த ஒரு வரிக்கு அர்த்தம் உண்டு.

வியர்வை இருக்கிறதே, ஹீட் ஸ்ட்ரோக்காக இருக்காது என்று நினைக்க வேண்டாம். உழைத்து விழுகிறவர் நனைந்துதான் இருப்பார். குழப்பம், உளறல், நடை தடுமாற்றம், உடல் சூடு 40 டிகிரி செல்சியஸ் அளவில் இருந்தால் முதலில் குளிர்விக்க வேண்டும், பிறகுதான் ஆம்புலன்ஸில் ஏற்ற வேண்டும். ஐஸ் தண்ணீர்த் தொட்டி இருந்தால் மிக நல்லது. இல்லையென்றால் தார்பாயை நாலு பேர் பிடித்துக்கொண்டு அதில் ஆளைப் படுக்கவைத்துத் தண்ணீரும் ஐஸும் கொட்டலாம். பாராசிட்டமால் இதற்கு உதவாது.

மருந்துச் சீட்டையும் ஒருமுறை பாருங்கள். நீர் பிரியும் மாத்திரை, பீட்டா பிளாக்கர், தூக்கம் வரவைக்கும் அலர்ஜி மாத்திரை, மனநல மருந்துகள் சில, இவையெல்லாம் வெயிலைத் தாங்கும் சக்தியைக் குறைக்கும். ஏ.சி. அறையில் உட்கார்ந்து எழுதும்போது இது நினைவுக்கு வராது.

இளம் வயதிலேயே, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ஏறியிருக்கிறது. சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை.

மத்திய அமெரிக்கக் கரும்புத் தோட்டங்களில் இப்படிக் காரணம் தெரியாத சிறுநீரக நோய் இளைஞர்களைக் கொன்றுகொண்டிருக்கிறது. இலங்கையின் வடமத்தியப் பகுதியிலும் இதே போன்ற ஒன்று உண்டு. கடும் வெயில், கடும் உழைப்பு, தண்ணீர்ப் பற்றாக்குறை ஆகியவை பெரிய சந்தேகங்கள். சீசன் நடுவில் எடுத்த ஒரே ஒரு கிரியாட்டினினை வைத்து நாள்பட்ட நோய் என்று முத்திரை குத்தாதீர்கள். ஓய்வுக்குப் பிறகு மறுபடி எடுங்கள், மூன்று மாதம் கழித்தும் எடுங்கள். முதுகுவலிக்கு இபுபுரூஃபன் சாப்பிட்டுக்கொண்டே வெயிலில் நிற்கிறாரா என்று கேளுங்கள். பெரும்பாலும் ஆமாம் என்பார்.

புகையிலைத் தோட்டத்திலிருந்து வந்த பையன் விடாமல் வாந்தி எடுக்கிறான். விஷமா, வெயிலா?

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. பச்சைப் புகையிலை நோய். வட கரோலினா, கென்டக்கி, வர்ஜீனியா பக்கம் போனால் கட்டாயம் பார்ப்பீர்கள். பனியிலோ மழையிலோ நனைந்த இலையைக் கட்டிப்பிடித்து அறுக்கும்போது நிகோடின் தோல் வழியாக உள்ளே போகிறது. சில மணி நேரத்தில் தலைசுற்றல், தலைவலி, வாந்தி. இரவெல்லாம் தூங்கமாட்டார்கள். ஒன்றிரண்டு நாளில் தானாகச் சரியாகும். காலையில் ஈர இலையில் வேலை பார்த்தாரா, சட்டை நனைந்ததா என்று கேட்டால் பாதி விடை கிடைத்துவிடும். சிறுநீரில் நிகோடினின் எச்சமான கோட்டினின் பார்த்து உறுதி செய்யலாம். குளிக்கவைத்து, துணி மாற்றி, நீர்ச்சத்தும் வாந்தி மருந்தும் கொடுத்தால் போதும். நனைந்த சட்டையை வேலை நடுவிலேயே மாற்றுவதும் மழைக்கோட்டும் தடுப்பு. ஆனால் அந்த உக்கிரமான வெயிலில் மழைக்கோட்டுப் போட்டால் அடுத்த ஆபத்து. எதைச் சொன்னாலும் இன்னொன்று இடிக்கும் வேலை இது.

அந்தப் "பையன்" உண்மையிலேயே சிறுவனாக இருக்கலாம் என்பதும் நினைவிருக்கட்டும். மத்தியச் சட்டப்படி, பெற்றோர் சம்மதித்தால் 12 வயதுப் பிள்ளை பள்ளி நேரம் போகப் பண்ணையில் வேலை செய்யலாம். அபாயகரமான பண்ணை வேலைக்குக்கூட 16 போதும், மற்றத் தொழில்களில் அதே அபாயத்துக்கு 18. பூச்சிமருந்தைக் கையாள மட்டும் 2015 திருத்தம் 18 என்று வைத்தது.

நாட்பட்ட இருமல், சிவந்த கண். எதை மறக்கக்கூடாது?

கலிபோர்னியாவின் சான் வாக்கின் பள்ளத்தாக்கிலும் அரிசோனாவிலும் மண்ணில் இருக்கும் பூஞ்சையால் வருவது வேலி ஃபீவர். நிமோனியா என்று இரண்டு தடவை ஆன்டிபயாடிக் கொடுத்தும் தீரவில்லையென்றால் அதற்கான ரத்தப் பரிசோதனை கேளுங்கள். ஆள் இப்போது மிச்சிகனில் இருந்தாலும் போன மாதம் எங்கே இருந்தார் என்பதுதான் கேள்வி. காசநோயும் பட்டியலில் இருக்கட்டும். மறைந்திருக்கும் காசநோய்க்கு ஒன்பது மாத மாத்திரையைவிட, வாரம் ஒருமுறை வீதம் 12 வாரம் கொடுக்கும் முறை இடம்பெயர்கிறவர்களுக்கு ஒத்துவரும்.

மாட்டுப் பண்ணை ஆளின் சிவந்த கண்ணைச் சாதாரண மெட்ராஸ் ஐ என்று அனுப்பிவிடாதீர்கள். 2024 மார்ச்சில் அமெரிக்கக் கறவை மாடுகளில் எச்5என்1 பறவைக் காய்ச்சல் கண்டுபிடிக்கப்பட்டது. அதன்பிறகு அங்கே உறுதியான மனிதத் தொற்றுகளில் பெரும்பாலானவை மாட்டுப் பண்ணை, கோழிப் பண்ணை வேலையாட்களுக்கு வந்தவை. பலருக்குக் கண் சிவந்ததுதான் முதல் அறிகுறி. கறக்கும்போது பால் கண்ணில் தெறித்ததா, மாடுகள் நோயாக இருந்தனவா என்று கேளுங்கள். சுகாதாரத் துறைக்குச் சொல்லி, கண்ணிலும் மூக்கிலும் மாதிரி எடுத்து, ரிசல்ட்டுக்குக் காத்திராமல் ஃப்ளூ மருந்தான ஓசல்டாமிவிர் தொடங்குங்கள்.

ஸ்பானிஷ் கற்றுக்கொண்டால் சமாளித்துவிடலாமா?

பெரும்பகுதி சமாளிக்கலாம். ஆனால் மெக்சிகோவின் ஓவஹாக்கா, குவெரேரோவிலிருந்து வருகிறவர்களுக்கு மிஷ்டெக், திரிகி, சபோடெக் தாய்மொழி. குவாத்தமாலாக்காரருக்கு மாம், கிச்சே, கஞ்ஞோபால். எல்லாவற்றுக்கும் "சீ, சீ" என்று தலையாட்டுகிறார் என்றால் ஸ்பானிஷ் புரியவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். தெரியாத மொழியில் டாக்டர் பேசும்போது நம் ஊரில் ஒரு பாட்டி "சரிங்க, சரிங்க" என்பார்களே, அதே மாதிரிதான். "வீட்டில் என்ன பாஷை பேசுவீர்கள், எந்த ஊர்?" என்று கேட்டால் கூச்சம் விலகும். ஊர்ப் பெயர் முக்கியம், ஏனென்றால் மிஷ்டெக்கில் ஒரு ஊர்ப் பேச்சு இன்னொரு ஊருக்குப் புரியாது. மிஷ்டெக்கிலிருந்து ஸ்பானிஷுக்கு ஒருவர், அதிலிருந்து ஆங்கிலத்துக்கு ஒருவர் என்று இரண்டு மொழிபெயர்ப்பாளர் வைத்தும் செய்யலாம். இரண்டு மடங்கு நேரம் ஒதுக்க வேண்டும், அவ்வளவுதான்.

பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். அவசரம் தவிர மற்ற நேரத்தில் அது சட்டப்படியும் தப்பு. மேஸ்திரியை வைத்துக்கொள்வது அதைவிட மோசம். நோயாளி ஒரு நிமிடம் பேசியதை அவர் "கொஞ்சம் வலிக்கிறதாம்" என்று முடித்துவிடுவார். அவர் மருந்து பட்டதைச் சொல்வாரா என்ன?

அடுத்த வாரம் வேறு மாநிலத்துக்குப் போகிறேன் என்கிறார். சிகிச்சை பாதியில் நிற்கிறதே?

இதற்கென்றே ஒரு ஏற்பாடு இருக்கிறது. டெக்சாஸின் ஆஸ்டினைத் தலைமையிடமாகக் கொண்ட மைக்ரன்ட் கிளினீஷியன்ஸ் நெட்வொர்க் நடத்தும் ஹெல்த் நெட்வொர்க். காசநோய், சர்க்கரை, புற்றுநோய், கர்ப்பம் என்று எதுவானாலும், நோயாளியின் சம்மதக் கையெழுத்து வாங்கிச் சேர்த்துவிட்டால், அவர் போகும் ஊரில் கிளினிக் தேடிக் கொடுத்து, பதிவுகளை அனுப்பி, போய்ச் சேர்ந்தாரா என்று போனில் விசாரிப்பார்கள். மெக்சிகோவுக்கே திரும்பினாலும் தொடர்வார்கள். கிளினிக்குக்கும் நோயாளிக்கும் செலவில்லை. இரண்டாவதாக ஒரு போன் எண், ஊரில் இருக்கும் அம்மாவுடையதோ அக்காவுடையதோ, கட்டாயம் வாங்கி வையுங்கள். சீசன் முடிந்தால் இந்த ஊர் எண் செத்துவிடும்.

கையில் கொடுத்தனுப்பும் காகிதமும் உதவும். நோய், மருந்து, கடைசி ரத்தப் பரிசோதனை, ஒரே பக்கத்தில். இன்சுலின் எழுதுகிறீர்கள் என்றால் அவர் தங்கியிருக்கும் தொழிலாளர் முகாமில் ஃபிரிட்ஜ் இருக்கிறதா, எத்தனை பேர் பங்கு போடுகிறார்கள் என்று கேட்டுவிட்டு எழுதுங்கள்.

வேலையில் பட்ட காயம் என்று எழுதினால் அவருக்கே வினையாகுமா?

நியாயமான பயம்தான். மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். கலிபோர்னியாவில் பண்ணைத் தொழிலாளருக்கும் முதலாளி இழப்பீட்டுக் காப்பீடு எடுத்தாக வேண்டும், ஆவணம் இல்லாதவருக்கும் பொருந்தும். டெக்சாஸில் தனியார் முதலாளிக்கு அது கட்டாயமே இல்லை. தற்காலிகப் பண்ணை வேலைக்கான எச்-2ஏ விசாவில் வந்தவர் என்றால் எந்த மாநிலமானாலும் காப்பீடும் இலவசத் தங்குமிடமும் முதலாளி தர வேண்டும். ஆனால் அந்த விசா ஒரே முதலாளியோடு கட்டிப்போட்டது. வேலை போய், குறுகிய கெடுவுக்குள் வேறு எச்-2ஏ முதலாளி கிடைக்காவிட்டால் ஊருக்குத்தான் போக வேண்டும். அதனால்தான் விரல் நசுங்கியவர்கூட "வீட்டில் கதவில் மாட்டிக்கொண்டது" என்கிறார்.

என் வழக்கம் இது. அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுதுவேன், என் கண்ணில் பட்டதையும் எழுதுவேன். இழப்பீடு கேட்கலாமா வேண்டாமா என்பது அவர் முடிவு. சட்ட உதவி அமைப்பு எங்கே இருக்கிறது என்று சொல்லி விடுவேன். குடியுரிமை நிலையைக் குறிப்பேட்டில் எழுதவே மாட்டேன், சிகிச்சைக்கு அது தேவையே இல்லை.

வயலில் கழிப்பறை, குடிநீர் பற்றி விதி எதுவும் இல்லையா?

உண்டு, 1987 முதல். பதினொரு பேரோ அதற்கு மேலோ கைவேலை செய்யும் வயலில் எளிதில் எட்டும் இடத்தில் குடிநீரும், கால் மைல் நடைக்குள் 20 பேருக்கு ஒரு கழிப்பறையும் கைகழுவும் வசதியும் இருக்க வேண்டும். பத்துப் பேர் உள்ள பண்ணை? அதுதான் ஓட்டை.

சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது?

உயிர் ஆபத்து என்றால் விஷ மையம். குழந்தை, கர்ப்பிணி, சுற்றுச்சூழல் விஷம் என்றால் பெசு என்று சுருக்கமாகச் சொல்லப்படும் குழந்தைகள் சுற்றுச்சூழல் நல மையங்கள். வட்டாரத்துக்கு ஒன்று இருக்கிறது, டாக்டர் நேரே பேசலாம். பூச்சிமருந்து பற்றிய பொதுக் கேள்விக்கு ஓரிகான் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருக்கும் தேசியப் பூச்சிமருந்துத் தகவல் மையம். நோயாளிகளுக்கான படக்கதைகள், பயிற்சிப் பாடங்கள் வேண்டுமென்றால் மேலே சொன்ன மைக்ரன்ட் கிளினீஷியன்ஸ் நெட்வொர்க்கும், டெக்சாஸில் இருக்கும் தேசியப் பண்ணைத் தொழிலாளர் சுகாதார மையமும். நியோஷ் நிதியில் நடக்கும் விவசாயப் பாதுகாப்பு ஆய்வு மையங்கள் சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்திலும், கலிபோர்னியாவின் டேவிஸிலும், இன்னும் சில இடங்களிலும் உண்டு.

இதற்கெல்லாம் முன்னால் உங்கள் மையத்திலேயே இருக்கும் களப்பணியாளரைக் கேளுங்கள். ஸ்பானிஷில் அவர்களை ப்ரொமொதோரா என்பார்கள். பெரும்பாலும் தாங்களே தக்காளி பறித்தவர்கள். எந்த முகாமில் தண்ணீர் வரவில்லை, எந்த மேஸ்திரி நல்லவர், இந்த வாரம் எந்தத் தோப்பில் மருந்தடிக்கிறார்கள், எல்லாம் அவர்களுக்குத் தெரியும். நீங்கள் சேர்ந்த முதல் மாதத்தில் ஒரு மாலை அவர்கள் வண்டியில் ஏறி முகாமுக்குப் போய்வாருங்கள். ஏழு மணிக்கு மேல் போனால்தான் ஆள் இருப்பார்கள். வெள்ளைக் கோட்டைக் கிளினிக்கிலேயே மாட்டிவிட்டுப் போங்கள்.